படம் எடுத்தது யார்?

கண்ணு,

இத்தாலியில் வெரோனாவிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. ஜூலியட் வீட்டு முற்றம், பின்னால் அந்தக் கல் மாடம், கீழே வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ. படத்தை எடுத்தது யார் என்று அம்மா நேற்று ராத்திரிதான் சொன்னாள். அவளுக்கு 2 வருஷமாகத் தெரியுமாம்.

கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் நீ நம்பவா போகிறாய்? தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். டார்ச் அடித்தால் மோட்டார் ரூம் கதவு. சங்கிலியில் 2 பூட்டைக் கோத்து மாட்டியிருப்போமே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று நம்முடையது, இன்னொன்று உன்னைப் படம் எடுத்தவன் வீட்டாருடையது. எதைத் திறந்தாலும் சங்கிலி கழன்றுவிடும். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் இந்த ஏற்பாட்டை மட்டும் இரண்டு வீடும் ஒழுங்காகச் செய்துகொண்டோம். முறைத் தண்ணீரை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டியதில் உன் தாத்தா காலத்தில் வந்த சண்டை. ஓட்டியது நாமா அவர்களா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை.

ஷேக்ஸ்பியரும் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் அந்த இரண்டு குடும்பத்துக்கும் எதனால் பகை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. பழைய பகை, அவ்வளவுதான். 30 வருஷம் வகுப்பில் நேரம் கிடைத்தபோதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். "ஏன் சார் சண்டை?" என்று எவனாவது கேட்பான். "அது முக்கியமில்லை, உட்காருடா" என்பேன்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது மாடக் காட்சி. (உன் படத்தில் இருக்கிற மாடம் 20ஆம் நூற்றாண்டில் கட்டிச் சேர்த்தது. நாடகத்தில் மாடம் என்ற சொல்லே கிடையாது, ஜூலியட் 'மேலே' தோன்றுகிறாள். போகட்டும், படம் நன்றாக இருக்கிறது.) நான் அவசரமாகத் தாண்டிப்போனது விருந்துக் காட்சியை. ரோமியோ முகமூடி போட்டுக்கொண்டு பகையாளி வீட்டுக்குள் நிற்கிறான். ஜூலியட்டின் மாமன் மகன் டிபால்ட் வாளைக் கொண்டுவரச் சொல்லிக் குதிக்கிறான். தடுப்பது யார்? ஜூலியட்டின் அப்பா கேபுலட். நல்ல பையன், ஊரே மெச்சுகிறது, விட்டுவிடு என்கிறார்.

அதே மனிதர்தான் மூன்றாம் நாள், தான் பார்த்த மாப்பிள்ளை பாரிஸைக் கட்டமாட்டேன் என்ற மகளிடம், தெருவில் பிச்சையெடுத்துச் செத்துப்போ என்று கத்துகிறார். அவளுக்கு இன்னும் 14 வயது நிரம்பவில்லை, அதற்குள் ரோமியோவோடு கல்யாணமும் முடிந்துவிட்டது. செவிலிக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும். பெற்றவர்களுக்குப் பிணத்தைப் பார்க்கும்வரை தெரியாது.

நம் அகப்பாட்டில் இதற்கென்று ஒரு வழி உண்டு, அறத்தொடு நிற்றல். தலைவி தன் காதலைத் தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம். அவள் வழியாக அப்பனுக்கும் அண்ணன்மாருக்கும் போய்ச் சேரும். வெரோனாவில் அது செவிலியோடு அறுந்துவிட்டது. கேபுலட் போட்ட சத்தத்தில் அவளே, பேசாமல் பாரிஸைக் கட்டிக்கொள் என்று மாறிவிட்டாள். அப்புறம் மருந்து, செத்ததுபோல் 42 மணி நேரத் தூக்கம், ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ரோமியோ இருந்த மாந்துவாவுக்கு விஷயத்தைச் சொல்லிக் கடிதம். கடிதம் கொண்டுபோக வேண்டிய துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவுச் செய்தி மட்டும் ரோமியோவுக்குத் தடையில்லாமல் போனது.

முதல் நாளே சொல்லியிருந்தால் கேபுலட் சம்மதித்திருப்பாரா? கட்டாயம் கத்தியிருப்பார். நானும் கத்துவேன், அதற்குத் தயாராக இரு. ஆனால் பையனை அவர் வாயாலேயே மெச்சினாரே, அதைப் பிடித்துக்கொண்டு யாரும் அவரிடம் போய்ப் பேசவில்லை. கடைசியில் இரண்டு அப்பாக்களும் கைகோத்துப் பிள்ளைகளுக்குப் பொற்சிலை வைப்பதாகச் சொல்லும் இடத்தில் எனக்கு எப்போதும் எரிச்சல்தான் வரும்.

அந்தப் பையனைப் பற்றி நானும் ஒரு தடவை நல்லவிதமாகச் சொன்னேனாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, "அவங்க வீட்டுல பொறந்தாலும் படிக்கிற பையன்" என்றேனாம். அம்மா ஞாபகம் வைத்திருந்து நேற்று எடுத்துப் போட்டாள்.

இன்று காலை அவன் அப்பா தண்ணீர் திறக்க வந்தார். வழக்கம்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பூட்டில் சாவியைப் போட்டார். அவருக்குத் தெரியுமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் எடுத்ததும் "அம்மாகிட்டக் குடுங்க" என்று சொல்லாதே. அவனும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்பா