ஃபாலிரோன் இடுகாட்டை ஆய்வோருக்கு: விலங்கிடப்பட்டவர்களோடு நின்றுவிடாதீர்கள்

கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்துக்கும், ஏதென்ஸ் வீனர் ஆய்வகத்தில் ஃபாலிரோன் எலும்புகளை ஆராய்ந்துவரும் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஏதென்ஸ் கடற்கரையில், முன்பு குதிரைப் பந்தயம் நடந்த திடலில், தேசிய நூலகமும் ஓபரா அரங்கும் எழுந்த காலத்தில் உங்கள் அகழாய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த இடுகாட்டைப் பற்றியது இந்த மடல். ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் பிரேயஸுக்குத் துறைமுகத்தை மாற்றும்வரை ஏதென்ஸின் கப்பல்துறை ஃபாலிரோன்தான். கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதல் 5ஆம் நூற்றாண்டு வரை அங்கே மணலில் புதைக்கப்பட்டவர்களில் 1500க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் 2012 முதல் 2016 வரை நடந்த அகழாய்வில் கிடைத்தன. நான் தொல்லியல் அறிஞன் அல்லன். இந்த அகழாய்வைப் பற்றி அச்சில் வருவதையெல்லாம் தேடிப் படிக்கும் வாசகன். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

2016 வசந்தத்தில் உலகச் செய்தித்தாள்களில் வந்த படத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சுமார் எண்பது ஆண்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள். சிலர் மல்லாந்தும் சிலர் குப்புறவும் கிடக்கிறார்கள். 36 பேரின் மணிக்கட்டுகளில் இரும்பு விலங்கு. பெரும்பாலோர் இளைஞர்கள், பற்கள் நல்ல நிலையில் இருந்தவர்கள். தலையில் ஓங்கி அடித்துக் கொன்றிருக்கிறார்கள். ஆனால் அள்ளி வீசிப் புதைக்கவில்லை, ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் கிடத்தியிருக்கிறார்கள். அவர்களோடு கிடந்த இரண்டு சிறு மதுக்குடுவைகளைக் கொண்டுதான் காலம் கி.மு. 650க்கும் 625க்கும் இடைப்பட்டது என்று கணித்தீர்கள். மூன்று மடலாக விரிந்த வாயுள்ள, கைக்கு அடக்கமான குடுவைகள் அவை. அவை கிடைத்திராவிட்டால் எந்தத் தலைமுறையில் நடந்த கொலை என்று சொல்வதே பெரும்பாடாகியிருக்கும்.

அந்த ஆண்டுக் கணக்கு வெளியானதும் செய்தியாளர்கள் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்: கைலோன். ஏதென்ஸைச் சேர்ந்த ஒலிம்பிக் வெற்றியாளன், பக்கத்து மெகாரா நகரின் கொடுங்கோலன் தியாஜெனிஸின் மருமகன். மாமனார் தந்த படையோடும் நண்பர்களோடும் ஏதென்ஸின் மலைக்கோட்டையான அக்ரோபோலிஸைக் கைப்பற்றப் பார்த்தவன். கி.மு. 632ஐ ஒட்டி நடந்த அந்தக் கலகம் தோற்றது. அவனுடைய ஆட்களைக் கொன்றார்கள். காலம் பொருந்துகிறது, இளைஞர்கள் என்பதும் பொருந்துகிறது. ஆகவே இவர்களே கைலோனின் ஆட்கள் என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். உங்களில் சிலரும் அதை ஒரு வாய்ப்பாகச் சொன்னீர்கள். அதில் தவறில்லை. ஆனால் செய்தித் தலைப்புகளில் அந்த வாய்ப்பு தீர்ப்பாகிவிட்டது.

பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சொல்வதைப் பாருங்கள். முற்றுகையில் உணவும் நீரும் தீர்ந்தபோது கைலோனும் அவன் சகோதரனும் தப்பிவிட்டார்கள். மற்றவர்கள் பலிபீடத்தில் சரணடைந்தார்கள். தீங்கு செய்யமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து எழுப்பி, வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். வழியில் அச்சமூட்டும் தேவதைகளின் பீடங்களைப் பற்றிக்கொண்ட சிலரையும் அங்கேயே வெட்டினார்கள். சிலரைக் கல்லால் அடித்துக் கொன்றதாகப் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். இது பதற்றத்திலும் வெறியிலும் நகருக்கு நடுவே நடந்த கொலை. ஃபாலிரோனில் தெரிவதோ வேறு: விலங்கை முன்கூட்டியே அடித்து ஆயத்தமாக வைத்திருந்து, கடற்கரைவரை நடத்திக்கொண்டு வந்து, வரிசையில் நிறுத்திச் செய்த கொலை போல இருக்கிறது. அந்தக் காலத்தில் இரும்பு மலிவான பொருள் அன்று. கொன்ற பிறகு விலங்குகளைக் கழற்றி எடுத்துக்கொள்ளாமல் பிணத்தோடே புதைத்துவிட்டுப் போகிறவர்கள் யார்? அந்தக் கேள்வியே எனக்குக் கைலோனைவிடப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 1915இல் இதே ஃபாலிரோனில் கழுத்திலும் கைகால்களிலும் இரும்புப் பூட்டோடு பதினேழு பேர் கிடைத்தார்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்றும் கடற்கொள்ளையர் என்றும் ஆளுக்கொன்று சொல்லி ஒரு நூற்றாண்டு போய்விட்டது. அவர்களையும் கைலோனின் கணக்கில் எழுதப்போகிறோமா?

அந்தப் பெயரைத் தூக்கி ஒட்டுவதில் எனக்குள்ள அச்சத்துக்குக் காரணம் உங்கள் வரலாற்றிலேயே இருக்கிறது. கைலோனின் ஆட்களைக் கொன்ற பழி ஏதென்ஸின் செல்வாக்கு மிக்க அல்க்மியோனிட் குடும்பத்தின் மீது விழுந்தது. அதைச் சாக்காக வைத்து அந்தக் குடும்பத்தை நாடுகடத்தினார்கள். இறந்தவர்களின் எலும்புகளைக்கூடத் தோண்டி எடுத்து எல்லைக்கு வெளியே எறிந்தார்கள் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையிலான பெலொபொனீசியப் போர் வெடிக்கும் தறுவாயில், இருநூறு ஆண்டுக்குப் பிறகும், தாய்வழியில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸை வீழ்த்த ஸ்பார்ட்டா அதே பழியைக் கிளப்பியது. பெருங்குடும்பங்களின் சண்டையில் ஆயுதமாகப் புழங்கிய கதை அது. பெயர் தெரியாத இந்த மனிதர்களை மறுபடியும் அந்தக் கதைக்கே துணைப்பாத்திரமாக்குவது நியாயமாகப் படவில்லை.

உண்மையை அறியும் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. பல் எனாமல் சிறுவயதில் உருவானபின் மாறுவதில்லை. அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் ஐசோடோப் அளவு, அந்த ஆள் எந்த மண்ணின் உணவையும் நீரையும் உண்டு வளர்ந்தான் என்பதற்குத் தடயம் தரும். எண்பது பேரில் பலர் ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிக்கா பகுதிக்கு வெளியே வளர்ந்தவர்கள் என்று வந்தால் மெகாராவின் படை நினைவுக்கு வரும். அதே விடை கடலோடிகளுக்கும் அடிமைகளுக்கும்கூடப் பொருந்தும். எல்லாரும் உள்ளூரார் என்று வந்தால் வேறு வழியில் யோசிக்க வேண்டும். விடை எதுவானாலும், கைலோன் கதையைக் குலைப்பதாக இருந்தாலும், முழுத் தரவையும் தாமதமின்றி வெளியிடுங்கள். அதுவரை இவர்களைக் காட்சிக்கு வைக்கும் எந்தப் பலகையிலும் அந்தப் பெயரை எழுதாதீர்கள்.

இப்போது நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வரிசையாகக் கிடந்தவர்கள் சுமார் எண்பது பேர். மீதி 1400க்கும் மேற்பட்டவர்கள் எங்கே? ஏதென்ஸின் பெரிய இடுகாடான கெராமைகோஸில் வசதி படைத்தவர்களின் செதுக்கிய நடுகற்களைப் பார்க்கலாம். ஃபாலிரோனில் கிடப்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட கல்லுக்கு வழியில்லாதவர்கள். ஒருவருக்குச் சவப்பெட்டியாகக் கிடைத்தது ஒரு மரப்படகு. துறைமுகத்தில் பிழைத்தவனாக இருந்திருக்கலாம். எனக்கு அந்த ஒரு குழியே போதும், நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன்.

குழந்தைகளின் குழிகள் இன்னும் நெஞ்சைப் பிசைபவை. எண்ணெயோ மதுவோ வந்திறங்கிய சாடியின் வயிற்றில் திறப்பு வெட்டி, உள்ளே சிசுவைக் கிடத்தி, வெட்டிய ஓட்டாலேயே மூடிப் புதைத்திருக்கிறார்கள். புழங்கித் தீர்ந்த சாடிதான் அந்தப் பெற்றோரால் தர முடிந்தது; ஆனாலும் தாழியில் வைத்துத்தான் அனுப்பினார்கள். அந்தச் சிசுக்கள் எந்த வயதில் இறந்தன, பால் மறக்கும் பருவத்திலா, அதற்கும் முன்பா, பட்டினியின் கோடு பல்லில் விழுந்திருக்கிறதா என்பதையெல்லாம் அறிந்தால், ஜனநாயகம் பிறப்பதற்கு முந்தைய ஏதென்ஸில் ஏழை வீடு எப்படி இருந்தது என்று முதன்முறையாகச் சொல்ல முடியும். துசிடிடீஸும் ஹெரோடோட்டஸும் அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஆகவே இடுகாட்டை முழுமையாக, குழி குழியாக, தாழி தாழியாக வெளியிடுங்கள். வேலை பெரிது, பணம் குறைவு, எலும்பைத் துடைத்து எண் போடுவதற்கே ஆண்டுகள் போகும் என்பது தெரியும். அதனால்தான் அமைச்சகத்தையும் சேர்த்து எழுதுகிறேன். தோண்டுவதற்குக் கிடைக்கும் நிதி, தோண்டியதை எழுதி முடிக்கவும் ஒதுக்கப்பட வேண்டும். எண்பது பேரைப் பற்றிய நூல் முதலில் வரட்டும். ஆனால் அது வந்த கையோடு திட்டத்தை மூடிவிடாதீர்கள். சாடிகளில் கிடைத்த பிள்ளைகளுக்கென்று ஒரு தனித் தொகுதி வர வேண்டும்.

மதிப்புடன்,
ஒரு தமிழ் வாசகன்