விதை யார் கையில்?

ஆசிரியருக்கு,

மரபணு மாற்றுப் பயிர் என்றாலே விஷம் என்று ஒதுக்குவது சரியல்ல. 2002-ல், புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த பி.டி. பருத்தி வந்த பிறகு காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பது குறைந்தது உண்மை. முதுகில் டேங்க் சுமந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. பருத்திக்கும் பழகிவிட்டது. வெளியே பார்த்தால் நல்ல காய். பிளந்தால் உள்ளே புழு, கறைபிடித்த பஞ்சு. விதையும் வீரிய ஒட்டு ரகம். எடுத்து வைத்து விதைத்தால் அதே விளைச்சல் வராது, ஆண்டுதோறும் பாக்கெட் வாங்கியே தீர வேண்டும்.

மரபணு மாற்றுக் கடுகுக்குத் தந்த அனுமதியை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு அளித்தாலும், மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை தேவை என்பதில் ஒன்றுபட்டார்கள். அதை வகுக்கும் முன் சோதனை முடிவுகளை முழுமையாக, தமிழிலும் வெளியிடுங்கள். விவசாயிகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

- பருத்தி விவசாயி, பெரம்பலூர்