பதினாலாயிரத்துக்கு ஒரு புத்தகம்

சேலம், செவ்வாய்ப்பேட்டை
ஜூன் 22

அன்பு மாப்ளே குமரேசா,

இங்கே எல்லாரும் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் எப்படி இருக்கிறீர்கள்? உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பட்டறையில் வேலை அதிகம் என்று ஒரு சாக்குச் சொல்லலாம், ஆனால் உண்மையில் தாமதத்துக்குக் காரணம் நீ கேட்ட கேள்விதான். "ஒரு புத்தகத்துக்குப் பதினாலாயிரம் கொடுத்தியாமே, மூளை கலங்கிப்போச்சாடா?" என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் பதில் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை.

தங்கச்சி காதுக்கு வந்த செய்தி சரிதான். ஒரு நாவல், மொத்தம் 300 பிரதிதான் அடித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஆசிரியரின் கையெழுத்து, துணி பைண்டிங், புத்தகத்தைச் செருகி வைக்க ஒரு பெட்டி. என்னுடையது 217. அதே நாவலின் சாதாப் பதிப்பு 350 ரூபாய், அதுவும் என்னிடம் இருக்கிறது, இரண்டு தடவை படித்தும் ஆயிற்று. ஆக, கதைக்காக வாங்கினேன் என்று உன்னிடம் புளுக முடியாது. அன்று ராத்திரி கடைக் கணக்கை எழுதிக்கொண்டு இருந்தேன், போனில் "இன்னும் 40 பிரதிகளே" என்று செய்தி வந்தது, முக்கால் மணி நேரம் கழித்து "22" என்று வந்தது, நான் கணக்கு நோட்டை மூடிவிட்டுப் பணத்தை அனுப்பிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த 22 மட்டும் வந்திராவிட்டால் காலையில் எழுந்து மறந்திருப்பேன்.

நான் முப்பது வருஷமாகக் கொலுசு விற்கிறவன். எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), செய்கூலி, சேதாரம் இந்த நாலையும் தாண்டி ஒரு பொருளுக்கு விலை சொன்னால் கடையை விட்டு எழுந்து போகிற ஆள். அதனால் புத்தகத்தையும் அப்படியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாள், அச்சு, துணி, பெட்டி, தையல் கூலி எல்லாவற்றையும் தாராளமாகவே போட்டாலும் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. மீதிப் பன்னிரண்டாயிரம் எதற்கு? இந்தப் பன்னிரண்டாயிரம்தான் பத்து நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. என் வீட்டுக்காரி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "கொலுசு வாங்கியிருந்தா உருக்கினாலாவது வெள்ளி மிஞ்சும். இதை எடைக்குப் போட்டா என்ன தேறும்?"

அவளுக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. தங்கச்சியிடம் சொல்லிவிடாதே, சொன்னால் அடுத்த நிமிஷம் இங்கே வந்து சேரும். மே மாதம் ஏற்காட்டுக்குப் போனேன் அல்லவா, கோடை விழா பார்க்க என்று வீட்டில் சொல்லிவிட்டு? பூவையும் பார்த்தேன். ஆனால் போனது வேறு காரியமாக. அங்கே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் என் சின்ன மச்சினன், ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு, மேசை நாற்காலியிலிருந்து புத்தகம் வரை வந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தான். போனால் ஒரு அறை முழுக்கப் பூஞ்சை நாற்றம், அலமாரியில் பாதி செல்லரித்தது. அதற்கு நடுவில் லெஃபானு என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய சேலம் ஜில்லா மானுவல், 1883-இல் வந்தது, இரண்டு பாகமும் இருந்தன. நம் ஊரைத் தாலுகா தாலுகாவாகப் பிரித்து எழுதி வைத்திருக்கும் புத்தகம்.

இதுவும் எனக்குப் புதிதல்ல மாப்ளே. இணையத்தில் ஸ்கேன் செய்து சும்மாவே கிடக்கிறது, போனில் எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். ஆயிரத்து ஐநூறு கேட்பார்கள், ஆயிரத்துக்கு முடிக்கலாம் என்று நினைத்துக் கையில் எடுத்தபோது, பின்னால் நின்ற ஒருவர் "அது நான் எடுத்து வச்சது சார்" என்றார். பெங்களூரில் பழைய சாமான் வியாபாரம் செய்கிறவராம். மேனேஜர் பையன் கெட்டிக்காரன், யார் அதிகம் தருகிறீர்களோ அவருக்கு என்று சொல்லிவிட்டான். இரண்டாயிரம், மூன்று, ஐந்து என்று போயிற்று. அந்த ஆள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு ஏற்றுகிறார், எனக்குக் காது சூடாகிறது. பதினோராயிரம் என்று நான் சொன்னதும் அவர் இடுப்பில் கைவைத்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பார், நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

பஸ்ஸில் அந்த இரண்டு கனத்த பாகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு இறங்கும்போது, இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் சூடு இறங்கிவிட்டது. அந்த ஆள் மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் ஆயிரம் ரூபாய். பத்தாயிரம் அந்த ஆளுக்காகக் கொடுத்தது. புத்தகம் அப்போதும் இப்போதும் அதே புத்தகம்தான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த கிறுக்கு இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். 1812-இல் லண்டனில் ராக்ஸ்பர்க் என்ற பிரபுவின் நூலகம் ஏலத்துக்கு வந்தது. அதில் 1471-இல் வெனிஸ் நகரத்தில் அச்சான, பொக்காச்சியோ என்ற இத்தாலிய எழுத்தாளரின் கதைப் புத்தகம் ஒன்று. இரண்டு பிரபுக்கள், ஸ்பென்சர் ஒருவர், பிளாண்ட்ஃபோர்டு இன்னொருவர், விட்டுக்கொடுக்காமல் ஏற்றி ஏற்றி, கடைசியில் பிளாண்ட்ஃபோர்டு 2,260 பவுண்டுக்கு எடுத்தார். அந்தக் காலத்து 2,260, யோசித்துப் பார். ஏழே வருஷம். பிளாண்ட்ஃபோர்டு கடனில் மூழ்கி 1819-இல் தன் புத்தகங்களை விற்றபோது, அன்று தோற்ற அதே ஸ்பென்சர் கைக்கு அதே புத்தகம் 918 பவுண்டுக்கு வந்து சேர்ந்தது! தாள் கிழியவில்லை, இன்னொரு பிரதி முளைக்கவில்லை. எதிரே மல்லுக்கு நிற்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஏலத்தின் நினைவாகவே லண்டனில் ஒரு புத்தகச் சங்கம் ஆரம்பித்தார்கள், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கொஞ்சம் பிரதி மட்டும் அச்சடித்துக் கொடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். இன்றைக்கு எனக்கு வந்த 217-க்கு அவர்களைப் பெரியப்பா முறை என்று சொல்லலாம்.

ஆனால் மானுவலும் 217-உம் ஒரே ரகம் இல்லை என்றும் தோன்றுகிறது. மானுவல் யாரும் திட்டம் போட்டு அரிதாக்கிய புத்தகம் இல்லை. ஆபீசுகளுக்காக அடித்தார்கள், கரையான் தின்றது, மழை நனைத்தது, எடைக்குப் போனது, மிஞ்சியது மிஞ்சிற்று. கொல்லத்தில் 1578-இல் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறு பக்கம்தான், தமிழ் எழுத்தில் அச்சேறிக் கைக்குக் கிடைத்தவற்றில் மூத்தது, அதில் தெரிந்த ஒரே பிரதி இன்று அமெரிக்காவில் ஹார்வர்டில் இருக்கிறது. அதை அச்சடித்தவர் "ஒன்றே ஒன்று மிஞ்சட்டும்" என்று நினைத்தா அடித்திருப்பார்? ஹாரி பாட்டர் முதல் புத்தகம் 1997-இல் கெட்டி அட்டையில் 500 பிரதிதான் போட்டார்களாம். பெயர் தெரியாத எழுத்தாளர், விற்குமோ விற்காதோ என்ற பயம்தான். அதிலும் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போய், பிள்ளைகள் எச்சில் தொட்டுப் புரட்டிக் கிழித்தது. கசங்காமல் தப்பிய ஒரு பிரதி 2021-இல் 4,71,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

எண் போட்ட பதிப்பின் கதை நேர் எதிர். அதை வாங்குகிற முந்நூறு பேரும் என்னை மாதிரியே கண்ணாடி அலமாரியில் வைத்து, அந்துருண்டை போட்டுப் பூட்டி வைக்கிறவர்கள். ஐம்பது வருஷம் கழித்தும் முந்நூறும் அப்படியே இருக்கும். லண்டனில் வில்லியம் மாரிஸ் 1896-இல் தன் சொந்த அச்சகத்தில், சாசர் என்ற பழைய ஆங்கிலப் புலவரின் கவிதைகளைக் காகிதத்தில் 425 பிரதியும் தோலில் 13 பிரதியும் அச்சடித்தார், கையச்சு, கைக்காகிதம், பக்கம் முழுக்கச் சித்திர வேலை, காகிதப் பிரதி அன்றைக்கே 20 பவுண்டு. உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன், ஆசாரி வேலையை மதிக்காவிட்டால் நான் எதற்குக் கொலுசு விற்க வேண்டும். ஆனால் மூன்று வருஷத்துக்குள் அமெரிக்காவில் வெப்லன் என்ற பொருளாதாரக்காரர் இந்த அச்சகத்தின் பெயரையே சொல்லி எழுதிவிட்டார்: பிரதி எண்ணிக்கையைக் குறைப்பது, இது கிடைக்காத பொருள், அதனால் விலை கூடிய பொருள், வாங்கியவருக்கு அதனால் கௌரவம் என்பதற்கு ஒரு உத்தரவாதச் சீட்டு என்கிற அர்த்தத்தில். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. 217 என்ற எண்ணை நான் எத்தனை பேரிடம் காட்டினேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர். அதில் நாலு பேருக்கு அந்த எழுத்தாளர் பெயரே தெரியாது.

ஒரேயடியாக என்னைத் திட்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை. முன்பணம் கொடுத்துப் புத்தகம் வாங்குவது நமக்குப் புதிதா என்ன? 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், நம்ம ஊர்க்காரர், உ.வே.சா.விடம் நீங்கள் என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டு, அவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்க அடுக்க, இதனால் என்ன பிரயோசனம், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட கதை உனக்கும் தெரியும். அந்தச் சீவக சிந்தாமணி 1887-இல் அச்சில் வந்ததற்குக் கையொப்பம் போட்டு உதவியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கொடுத்த பணத்தில் ஒரு புத்தகம் உலகத்துக்கு வந்தது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் கொடுத்தது, 301-ஆவது ஆளுக்கு இல்லை என்று கதவைச் சாத்துவதற்கு. பதிப்பாளரிடம் கேட்டால், இந்த முந்நூறில் வந்த காசில்தான் சாதாப் பதிப்பை 350-க்கு விற்க முடிகிறது என்பார், அதிலும் நியாயம் இருக்கும். சரி, அது அவர் கணக்கு.

நாளைக்கு விலை ஏறும், முதலீடு என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதே. வெள்ளியென்றால் எந்தக் கடையிலும் டச் பார்த்துப் பணத்தைக் கையில் வைப்பான். புத்தகத்துக்கு அதே கிறுக்குப் பிடித்த இன்னொரு ஆள் அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டும், அவன் கையில் காசும் இருக்க வேண்டும். போதாததற்கு என் 217, பார்சலில் வரும்போதே ஒரு மூலை நசுங்கி வந்தது. அனுப்பியவர்களுக்கு மூன்று தடவை எழுதினேன், "கையாளும்போது ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை" என்று ஒரே பதிலை மூன்று தடவை அனுப்பினார்கள். சேதாரம் என்று நான் வாடிக்கையாளரிடம் சொல்கிறபோது அவர்கள் முகம் போகிற போக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொரு கூத்தையும் சொல்கிறேன். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே வைத்திருந்தேன், பிரித்தால் மதிப்புக் குறையும் என்று. போன வாரம் நான் பட்டறைக்குப் போயிருந்த நேரம், பதினாலாயிரம் எப்படி இருக்கும் என்று பார்க்க என் வீட்டுக்காரி கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். மாலை வந்து பார்க்கிறேன், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறாள், பக்கத்தில் முறுக்குத் தட்டு. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். "கதை நல்லாத்தான் இருக்கு, எழுத்து பெருசா இருக்கு, கண்ணாடி வேண்டாம்" என்றாள். சாதாப் பதிப்பில் பொடி எழுத்து என்பதை நான் கவனித்ததே இல்லை.

மானுவல் இப்போது கடை மாடியில் இருக்கிறது. ஏற்காட்டு ஈரம் போக நிழலில் உலர்த்தி, பக்கத்துக்குப் பக்கம் பிரஷ்ஷால் துடைக்கிறேன், ஒரு நாளைக்கு இருபது பக்கம் நகர்ந்தால் பெரிது. போனில் புரட்டியபோது கண்ணில் படாத ஒன்று இதில் இருக்கிறது: யாரோ ஒரு தோட்டக்காரர், ஓரத்தில் பென்சிலால் எத்தனை அங்குலம் மழை என்று வருஷம் வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். பெயர் போடவில்லை. பெங்களூர்க்காரர் வாங்கியிருந்தால் ரப்பர் போட்டு அழித்திருப்பார் என்று நினைக்கும்போது பதினோராயிரம் கொஞ்சம் செரிக்கிறது.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வருவாய் அல்லவா? வரும்போது ஒன்று மறக்காதே. ஏழாம் வகுப்பில் என்னிடம் இரவல் வாங்கிப்போன முத்து காமிக்ஸ் இரண்டு, இரும்புக்கை மாயாவி கதைகள், இன்னும் உன்னிடம்தான் இருக்கின்றன, இல்லை என்று சாதிக்காதே. அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை. போன மாதம் அதே மாதிரி ஒன்றுக்கு ஒருவர் நாலாயிரம் வரை கேட்டதைக் கண்ணால் பார்த்தேன். தப்பித்தவறி இந்த விஷயம் உன் பையன் காதில் விழுந்துவிடப் போகிறது, விற்றுத் தொலைத்துவிடுவான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். இறங்கியதும் முதலில் தட்டுவடை செட், அப்புறம்தான் வீடு.

அன்புடன்,
சண்முகம்