ஜெகந்நாதன் அய்யாவுக்கும் கிருஷ்ணம்மாள் அம்மாவுக்கும் எங்கள் நன்றி

பெருமதிப்பிற்குரிய அய்யா, அம்மா இருவருக்கும்,

நிலமற்றவர்களுக்காகக் காந்திய வழியில் போராடிய உங்கள் முயற்சியால், இன்றைய நாகை, திருவாரூர் மாவட்டங்கள் அடங்கிய கீழத்தஞ்சைப் பகுதியில் ஒரு ஏக்கர் நஞ்சை நிலத்தைத் தங்கள் பெயரில் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். அய்யா 2013 பிப்ரவரி 12 அன்று மறைந்தார். ஆயினும் உங்களைத் தனித்தனியாக நினைத்து எங்களுக்குப் பழக்கமில்லாததால், இருவரையும் சேர்த்தே விளித்து எழுதுகிறேன்.

அய்யா வசதியான குடும்பத்தில் பிறந்து, காந்தியின் அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்து, ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை சென்றவர். அம்மாவோ நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்து, அந்தக் காலத்தில் பெண்களுக்கு, அதிலும் எங்களைப் போன்ற வீட்டுப் பெண்களுக்கு, எட்டாதிருந்த கல்லூரிப் படிப்பை முடித்தவர். நாடு விடுதலை பெற்ற பிறகே திருமணம் என்று காத்திருந்து, 1950இல் நீங்கள் சாதி கடந்து கைகோத்தீர்கள். நிலமற்றவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்கும் வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்து நிலம் கேட்டீர்கள். அந்த நடைப்பயணங்களைப் பற்றி எங்களைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். எங்களுக்கு நேரடியாகத் தெரிந்தது அதற்குப் பின் நடந்தவைதான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்டவர்களின் தெருவில், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தி உங்களை இங்கே கொண்டுவந்தது. ஆறுதல் சொல்வதோடு நின்றுவிடாமல், சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாதவன் கூலிக்காக வாய் திறந்தால் இதுதான் கதி என்னும் நிலையை மாற்றியே தீர வேண்டும் என்று இந்த மண்ணையே உங்கள் வேலைக்களமாக்கிக்கொண்டீர்கள். இடையில் ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு பீகாரில் போராடியபோதும், நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைவாசம் நேர்ந்தபோதும் எங்களை நீங்கள் மறக்கவில்லை.

உழுபவருக்கு நிலம் கிடைக்க 1981இல் நீங்கள் தொடங்கிய லாஃப்டி (LAFTI) இயக்கத்தின் வழிமுறையை இன்றைய இளைஞர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நிலத்தை விற்கச் சம்மதிக்கும் மிராசுதாரையும் அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்தவர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, இரு தரப்பும் ஒப்பும் விலை பேசி, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் கிரயம் செய்து கொடுத்தீர்கள். தொடக்கத்தில் எங்களை நம்பிக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. பத்திரப் பதிவுச் செலவோ எங்கள் கைக்கு எட்டாததாக இருந்தது. இந்தத் தடைகளுக்காக அம்மா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதை எங்கள் தெருப் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள். இவ்வாறு ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. வயலில் வேலையில்லாத மாதங்களில் பாய் முடையவும் கயிறு திரிக்கவும் தைக்கவும் தச்சு வேலை, கொத்து வேலை செய்யவும் பயிற்சி கொடுத்தீர்கள்.

பத்திரங்களைப் பெண்கள் பெயரிலேயே பதிய வேண்டும் என்பதில் நீங்கள் காட்டிய உறுதிக்காகவே நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என் தாயார் பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைத்துப் பெற்ற பத்திரம், பழைய வேட்டித் துணியில் சுற்றி எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற காசில் முதலில் கடன் தவணையைக் கட்டிவிட்டுத்தான் அவர் மற்றச் செலவுகளைப் பார்ப்பார். கடனைத் தீர்த்த பிறகு அவர் பேச்சிலும் நடையிலும் வந்த நிமிர்வை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். இலவசமாகக் கொடுத்திருந்தால் அந்த நிமிர்வு வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். குடித்துவிட்டு நிலத்தை அடகு வைக்க எந்த ஆணாலும் முடியாமல் போனதற்கும் அந்தப் பத்திரமே காரணம்.

கடலோர ஊர்களின் சார்பிலும் ஒரு நன்றி உண்டு. தொண்ணூறுகளில் நெல் வயல்களை வாங்கி இறால் பண்ணைகளாக்கியபோது, உப்பு நீர் நிலத்தடியில் இறங்கிக் குடிநீர்க் கிணறுகள் கெட்டன. நூறு பேர் நடவு நட்ட இடத்தில் ஐந்தாறு காவலாளிகளுக்கு மட்டுமே வேலை இருந்தது. குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்த பெண்களைத் திரட்டி, எண்பது வயதை நெருங்கிய நிலையிலும் அய்யா பண்ணைகளின் முன் உட்கார்ந்தார். உச்ச நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தார். கடலோரத்தைக் காக்கக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இத்தகைய பண்ணைகள் கூடாது என்று 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, சட்டம் படிப்பவர்களிடையே இன்றும் ஜெகந்நாத் வழக்கு என்றே வழங்குகிறது. தீர்ப்புக்குப் பின்னும் பல பண்ணைகள் மூடப்படாமல் இருந்ததும், அதற்காக நீங்கள் மீண்டும் போராட நேர்ந்ததும் எங்களுக்குத் தெரியும்.

2008இல் உங்கள் இருவருக்கும் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும், 2020இல் அம்மாவுக்குப் பத்மபூஷண் விருதும் கிடைத்தபோது எங்கள் வீட்டிலேயே ஒரு நல்ல காரியம் நடந்ததுபோல் மகிழ்ந்தோம்.

உங்களோடு சேர்ந்து உழைத்த தொண்டர்களுக்கும், எங்களை நம்பிக் கடன் கொடுத்த வங்கி அலுவலர்களுக்கும், வழக்கில் துணைநின்ற வழக்கறிஞர்களுக்கும் எங்கள் நன்றி. நியாயமான விலைக்கு நிலத்தை விற்க மனம் இசைந்த மிராசுதார்களையும் இந்த இடத்தில் நன்றியோடு குறிப்பிடுகிறேன். யாரையும் பகையாக எண்ணாமல் வாழக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள் என்பதால் இதைத் தயங்காமல் எழுத முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மறியலில் முன்வரிசையில் நின்று, அடுத்த நாள் கூலியை இழந்த எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கு நன்றி.

என் தாயாரின் பெயரில் உள்ள பட்டாவை மாற்றும் காலம் வரும்போது, அதை வீட்டுப் பெண்பிள்ளைகளின் பெயருக்கே மாற்றுவது என்று நாங்கள் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம் என்பதையும் உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
கீழ்வேளூர் வட்டாரத்து விவசாயக் குடும்பத்துப் பெண்