மண்டபத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புகையிலைக்கு எதிராக இத்தனை சட்டங்கள் இருந்தும் நம் மண்டபம் கடற்கரையில் ஏன் மாற்றம் தெரியவில்லை என்று கேட்டிருந்தாய். வக்கீலாகிய நீ கேட்பதால், நான் கண்டதை எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, 2016 முதல் சிகரெட் பெட்டியின் முன், பின் பக்கங்களில் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படமும் வாசகமும் மூட வேண்டும். ஆனால் கடலுக்குப் புறப்படும் நம் ஆட்கள் பெட்டி வாங்குவதில்லை. நேற்று பெட்டிக்கடையில் ஒருவன் உதிரியாக இரண்டு சிகரெட் வாங்கி, ஒன்றைக் கடைக் கம்பத்தில் தொங்கிய கனல் கயிற்றில் பற்ற வைத்துக்கொண்டு, மற்றதைக் காதில் செருகிப் படகுத்துறைக்குப் போனான். படம் போட்ட பெட்டி அலமாரியிலேயே இருந்தது. தினமும் அதைப் பார்ப்பவர் கடைக்காரர் ஒருவரே. அவருக்கோ புகைப் பழக்கமே இல்லை! மகாராஷ்டிரம் 2020இல் உதிரி விற்பனையைத் தடை செய்தது. அதைத்தான் இங்கும் முதலில் செய்ய வேண்டும் என்பேன்.

பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லும் குட்காவின் கதை வேறு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையர் பிறப்பிக்கும் தடைக்கு ஆயுள் ஓராண்டுதான். எனவே 2013 முதல் தமிழ்நாட்டில் அதை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தார்கள். தற்காலிக அதிகாரத்தை இப்படி நீட்டிக்கொண்டே போக முடியாதென்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நிரந்தர நோய்க்கு ஆண்டுச் சந்தா போல ஒரு தடை!

நம்மோடு படித்த கருப்பையா விசைப்படகில் போகிறவன். ஈரக் கையில், கடற்காற்றில் தீக்குச்சி நிற்காது என்பதால் இரவு முழுவதும் பாக்கும் புகையிலையும் அடக்கியே கண் விழித்தான். வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, மருத்துவர் மூன்று விரலைச் செங்குத்தாக வாயில் வைக்கச் சொன்னார். ஒன்றரை விரல்தான் நுழைந்தது. "இதை விட்டால் வலை இழுக்கும்வரை எப்படி விழித்திருப்பது?" என்று என்னிடம் கேட்டான். எந்தச் சட்டப் பிரிவிலும் அதற்குப் பதில் இல்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்; அவன் கரையில் இருப்பான். அப்போது வா. காரம் பட்டால் வாய் எரிகிறதாம், கஞ்சிதான் குடிக்கிறான். அவனுக்குத் தின்பதற்கு எதுவும் வாங்கி வராதே.

அன்புடன்,
முனியசாமி