பதிலுக்குக் காத்திருந்தோம், கெடு முடிந்துவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அக்கா ஒரு நாள் விடியற்காலையில் சந்தைக்குப் போகும் வழியில், மூடி இல்லாத கால்வாய்க்குள் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். பொறுப்பான அலுவலகத்துக்குப் புகார் எழுதினோம். விசாரித்து வருவதாகப் பதில் வந்தது. மறுபடியும் எழுதினோம். கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலும் மரியாதையாகத்தான் இருந்தது, அதனால் நம்பிக் காத்திருந்தோம். அப்புறம் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனபோது மூன்று ஆண்டும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. வழக்கறிஞர், அக்கா விழுந்த தேதியை மட்டும் கேட்டார். "இரண்டு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார். நாங்கள் கொண்டுபோன கடிதக்கட்டைப் பிரிக்கவே இல்லை.

மலேசியாவில் 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அரசுத் துறையோ ஊராட்சி மன்றமோ காவல்துறையோ, பொதுக் கடமையைச் செய்யும்போது நமக்கு இழைத்த தீங்குக்கு 36 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்துவிட வேண்டும். நாம் புகார் எழுதுவதாலோ அவர்கள் பதில் போடுவதாலோ அந்தக் கெடு தள்ளிப் போகாது. முன்பு இது 12 மாதமாகத்தான் இருந்தது. 1974-இல் 36 ஆக்கினார்கள்.

தனியாருக்கு எதிரான வழக்கென்றால், 1953-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு ஆண்டு. அதாவது, ஒரே மாதிரியான தவறு தனியார் மருத்துவமனையில் நடந்தால் ஆறு ஆண்டு, அரசு மருத்துவமனையில் நடந்தால் மூன்று. அரசு மருத்துவமனையையே நம்பியிருக்கும் நம் குடும்பங்களுக்குத்தான் பாதி அவகாசம். அதே அரசு வரி பாக்கிக்காக நம்மேல் வழக்குப் போட்டால் காலவரம்புச் சட்டம் குறுக்கே வராது.

காலம் கடந்தால் சாட்சிகளுக்கு மறந்துவிடும், அதிகாரிகள் பயமில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். சரி, தனியார் மருத்துவருக்கு மட்டும் மறக்காதா? இந்த வகைச் சட்டம் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1893-இல் கொண்டுவந்ததை 1954-இலேயே நீக்கிவிட்டார்கள்.

காவல்துறையின் பிடியில், தடுப்புக் காவலில் இறந்த ஏ. குகனின் குடும்பத்தை நினைத்துப் பார்க்கிறேன். இறப்பு 2009 ஜனவரியில். குடும்பம் வழக்குத் தொடுத்தது 2012 ஜனவரியில். 2013-இல் உயர்நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சில வாரம் தாமதித்திருந்தால் அந்தத் தீர்ப்புக்கே வழி இருந்திருக்காது.

கெடுவை எல்லாருக்கும் ஆறு ஆண்டாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. நாடாளுமன்றத்தில் அதற்கு நாளாகும் என்றால், புகாருக்கு அனுப்பும் ஒவ்வொரு பதிலிலும் வழக்குத் தொடுக்கும் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரு வரி போடச் சொல்லி அரசு உத்தரவிடட்டும். எங்களுக்கு வந்த கடிதங்களில் ஒன்றிலாவது அந்த வரி இருந்திருந்தால், அந்த வாரமே அக்காவை வழக்கறிஞரிடம் கூட்டிப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு