தொண்ணூறு எழுதச் சொன்னால் 900: கல்வியியல் கல்லூரித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

"தொண்ணூறு எழுதுப்பா" என்று சொன்னதும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கரும்பலகையில் 900 என்று எழுதினான். பள்ளிப் பயிற்சிக்குப் போயிருந்த எங்கள் பி.எட். மாணவி அதை அழித்துவிட்டு 90 என்று எழுதிக் காட்டியிருக்கிறாள். மறுநாள் வேறொரு பிள்ளையும் அதையே எழுதியது. மூன்றாம் நாள் அவள் எனக்குப் போன் செய்தாள். "சார், தொண்ணூறுங்கிற பேர்லயே நூறு இருக்கே, அதனாலயா?"

பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்தல் பாடம் எடுத்து வருகிற நான் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக ஏறி வருகிற தமிழ் எண்பெயர் ஒன்பதுக்கு வந்ததும் ஒரு படி தாண்டிப் போய்விடுகிறது. 90க்குத் தொண்ணூறு, அதில் நூறு நிற்கிறது. 900க்குத் தொள்ளாயிரம், அதில் ஆயிரம் நிற்கிறது. நமக்குப் பழகிப்போனதால் காதில் விழுவதில்லை. இட மதிப்பை இப்போதுதான் கற்றுக்கொள்ளும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு விழுமா? விழுந்தால் எத்தனை பேருக்கு, எந்த வகுப்பு வரைக்கும்? 80ஐயும் 70ஐயும் சரியாக எழுதுகிற பிள்ளையே 90இல் தடுக்குகிறதா, இல்லை பொதுவாகவே இட மதிப்பில் தடுமாறுகிற பிள்ளைதானா? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் எதுவும் வேண்டாம். இருபது பள்ளிகள், எண் சொல்லி எழுதச் சொல்லும் ஒரு தாள், களத்துக்குப் போக இரண்டு உதவியாளர்கள், பேருந்துச் செலவு, அச்சுச் செலவு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது இரண்டரை லட்சத்துக்குள் அடங்கியது.

இதற்கு ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதினேன். ஆறு வாரம், கல்லூரி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து எழுதினேன். கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஃபார்வர்டிங் லெட்டர், அதாவது கல்லூரி வழியாக அனுப்புகிறோம் என்ற கடிதம், இல்லாமல் விண்ணப்பம் ஏற்கப்படாது. அந்தக் கோப்பு முதல்வர் அறையில் பதினோரு நாள் கிடந்தது. முதல்வர் நல்லவர், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாளாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம் என்று நினைத்தார், தாளாளர் ஊரில் இல்லை. கையெழுத்து திங்கட்கிழமை வந்தது. பச்சை மையில் அழகான கையெழுத்து, பக்கத்தில் வட்ட முத்திரை. அந்தக் காகிதம் இன்னும் என் பையில் இருக்கிறது.

இது என் கல்லூரியில் மட்டும் நடப்பதாக இருந்தால் நான் உங்களுக்கு எழுத மாட்டேன், உள்ளேயே பேசி முடித்திருப்பேன். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அறுநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். கருத்தரங்குகளில் சந்திக்கும் ஆசிரியர்களிடம் ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தீர்களா என்று கேட்டால் வருகிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "எங்க சார், காலேஜ்ல விடணுமே." நிதி நிறுவனம் மறுத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் குறைவு. அதுவரைக்கும் போய்ச் சேர்ந்தவர்களே குறைவு.

நிதி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பழைய வழி ஒன்று அடைபட்டுவிட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மில் மூத்தவர்கள் பலர் ஆய்வு பழகியதே யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு நிதி தந்த மைனர் ப்ராஜெக்ட்டில், அதாவது சிறு ஆய்வுத் திட்டத்தில்தான். ஹைதராபாத் மண்டல அலுவலகத்துக்குத் தபால் அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தோடு, அதாவது 2012–17 காலத்தோடு, அது நின்றுபோனது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் முதன்முதலாக ஏறிப் பழக இருந்த தாழ்வான படிக்கட்டு அது. ஆனால் அதோடு எல்லாமே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வது தவறு. ஐசிஎஸ்எஸ்ஆர் என்கிற இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் 1969 முதல் இருக்கிறது. கல்வி அதன் துறைகளில் ஒன்று, சிறு திட்டம், பெரிய திட்டம் என்று தனித்தனியாக அழைப்பு விடுகிறது. என்சிஇஆர்டி என்கிற தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கழகத்தில் கல்வி ஆய்வுக்கென்றே எரிக் என்ற குழு 1974 முதல் இருக்கிறது. பள்ளிக் கல்வியும் ஆசிரியர் கல்வியும்தான் அதன் களம், நம்மை விட்டால் அதற்கு வேறு யார் எழுதுவது? 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையை உண்டாக்கியது, ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று பேச்சு. ஆனால் அந்தச் சட்டத்தில் சமூக அறிவியலுக்கும் மொழி, வரலாறு போன்ற மானுடப் புலங்களுக்கும் உள்ள இடம், அவை அறிவியல் தொழில்நுட்பத்தோடு தொட்டுக்கொள்கிற பகுதிக்கு மட்டும்தான். எனவே என்னுடைய தொண்ணூறுக்கு அந்தக் கதவு இப்போதைக்கு உதவாது. கணினி வழிக் கற்றல் பற்றி ஆராய்கிறவர்கள் வேண்டுமானால் முயலலாம்.

வெளிநாட்டிலும் இருக்கிறது. சிகாகோவில் உள்ள ஸ்பென்சர் அறக்கட்டளை கல்வி ஆய்வுக்கென்றே நிதி தருகிறது. அதன் சிறு திட்டங்களுக்கு 50,000 டாலர் வரை உண்டு, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒரு இளம் ஆசிரியை இதைக் கண்டுபிடித்து ஆசையோடு என்னிடம் வந்தார். உங்கள் கல்லூரிக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். அப்படியென்றால் என்ன என்று அலுவலகத்தில் திருப்பிக் கேட்டார்களாம். வெளிநாட்டுப் பணம் வாங்க 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். பதிவு உள்ள இன்னொரு நிறுவனம் வாங்கி நமக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்றால் அதற்கும் அந்தத் திருத்தம் தடை போட்டுவிட்டது. இதையெல்லாம் ஒரு உதவிப் பேராசிரியர் தனி ஆளாகச் செய்ய முடியாது. இது நிர்வாகத்தின் வேலை.

உள்நாட்டு நிதிக்கும் இதே கதைதான். ஐசிஎஸ்எஸ்ஆர் அறிவிப்பு ஒன்றைத் திறந்து தகுதிப் பகுதியைப் படித்துப் பாருங்கள். விண்ணப்பிக்கிறவரின் ஆய்வு எப்படி என்பதற்கு முன்னால் அவர் வேலை பார்க்கும் நிறுவனம் எப்படிப்பட்டது என்று கேட்கிறது: யுஜிசி சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின்படி கல்லூரிக்குக் கிடைக்கும் அங்கீகாரம், அல்லது அங்கீகரிக்கப்பட்ட பிஎச்.டி. ஆய்வு மையம். விண்ணப்பிக்கிறவர் முறையான பணியில் இருப்பவரா என்றும் பார்க்கிறார்கள். அங்கே கேட்கப்படுவதெல்லாம் நீங்கள் வாங்கி வைத்திருக்க வேண்டியவை. 12(பி) ஒரு நாளில் வராது என்று எனக்கும் தெரியும், ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆனால் ஆரம்பிக்காமலே இருந்தால் என்றைக்கும் வராது. ஆய்வு மைய அங்கீகாரம் அதைவிடக் கைக்கெட்டும் தூரம். பிஎச்.டி. முடித்த ஆசிரியர்கள் உங்களிடம் இருக்கிறார்கள், நூலகத்தையும் ஆட்களையும் காட்டி விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

பணம் வந்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். வேறொரு கல்லூரியில் என் நண்பர் ஒருவருக்கு நிதி கிடைத்தது. முதல் தவணை கல்லூரியின் பொதுக் கணக்கில் போய்ச் சேர்ந்தது, சம்பளமும் மின்கட்டணமும் போகிற அதே கணக்கு. அவர் பள்ளிகளுக்குப் போய்வர நான்காயிரம் ரூபாய் கேட்டு எழுதிய கடிதம் மூன்று மேசை தாண்டி இரண்டு வாரம் கழித்து வரும். அவர் அதற்குள் கைக்காசைப் போட்டுப் போய்வந்திருப்பார். ஆண்டு முடிவில் யூட்டிலைசேஷன் சர்ட்டிஃபிகேட், அதாவது பணத்தைச் செலவழித்ததற்கான சான்று, கொடுக்க வேண்டும், ஜிஎஃப்ஆர் 12-ஏ என்ற படிவம், ஆடிட்டர் கையெழுத்தோடு. திட்டத்துக்குத் தனிக் கணக்கு இல்லாததால் இந்தப் பணத்துக்கு எவ்வளவு வட்டி வந்தது என்றே ஆடிட்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வட்டி அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். படிவம் போகவில்லை, கடைசித் தவணை வரவில்லை. களப் பணியாளர்களுக்குப் பாக்கிச் சம்பளத்தை அவர் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தார். இனிமேல் வாழ்க்கையில் விண்ணப்பிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் நல்ல ஆய்வாளர், வகுப்பறையில் பிள்ளைகள் பேசுவதை அவ்வளவு பொறுமையாகக் கேட்டுக் குறித்துவைக்கிறவர். ஒரு சேமிப்புக் கணக்கு திறக்காததால் அப்படிப்பட்ட ஒருவரை நாம் இழந்திருக்கிறோம்.

எனவே நான் கேட்பது பெரிய காரியம் எதுவுமில்லை. திட்ட நிதிக்கென்று ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, அரசு நிதியைக் கணக்கு வைக்கும் இணையதளமான பிஎஃப்எம்எஸ்ஸில் கல்லூரியை இப்போதே பதிந்து வையுங்கள், நிதி வந்த பிறகு ஓடாதீர்கள். அலுவலகத்தில் ஒரு எழுத்தருக்கு அந்தப் படிவங்களைப் பழக்கிவிடுங்கள். ஃபார்வர்டிங் லெட்டருக்கு மூன்று வேலை நாள் என்று ஒரு வரம்பு வையுங்கள், தாளாளர் ஊரில் இல்லாத நாளில் யார் கையெழுத்துப் போடலாம் என்று எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்கிறோம் என்பதால் ஒரு நெறிமுறைக் குழு வேண்டும். பெற்றோரிடம் எப்படி ஒப்புதல் வாங்குவது, பிள்ளையின் பெயரை எப்படி மறைப்பது என்றெல்லாம் பார்க்க ஐந்து பேர் போதும். பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு மூன்று சேர்ந்துகூட வைத்துக்கொள்ளலாம். நிதி கிடைத்த ஆசிரியருக்கு வாரத்தில் நான்கு பாடவேளையாவது குறையுங்கள். பல நிதி நிறுவனங்கள் மேல்செலவுக்கென்று கல்லூரிக்கும் ஒரு பங்கு தருகின்றன, நீங்கள் கையை விட்டுச் செலவழிக்க வேண்டியது அதிகமில்லை.

இன்னொன்று, இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். விண்ணப்பத்தில் இணை இயக்குநராக உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். ஆய்வில் உண்மையாகவே உடன் இருக்கப்போகிறீர்கள் என்றால் மகிழ்ச்சியோடு சேர்ப்போம். கையெழுத்துக்கு விலையாகக் கேட்காதீர்கள். இளம் ஆசிரியர்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் மனம் விட்டுப்போய்விடுகிறது.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை ஆய்வுத் திட்டம், எவ்வளவு தொகை என்று எங்களிடம் பட்டியல் கேட்கிறீர்கள். அந்தப் பட்டியலில் பூஜ்யம் போடும்போது எங்களுக்கும் வலிக்கிறது. ஆய்வு செய்ய நமக்கு இடமா இல்லை? என்சிடிஇ என்கிற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி பி.எட். இரண்டு ஆண்டாகி, இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சி வந்தது. நூறு மாணவர்கள் உள்ள கல்லூரி என்றால் இருபது, இருபத்தைந்து பள்ளிகளில் நான்கு மாதம் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் பொருளாதாரத் துறைக்கும், எந்த சமூகவியல் துறைக்கும் இப்படி ஒரு களம் கிடையாது. 2021இல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது, 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இரண்டும் நம் கண்ணெதிரே நடந்தன, நம் மாணவர்கள் அந்த வகுப்புகளுக்குள்ளேயே இருந்தார்கள். அவற்றில் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று வெளியூரிலிருந்து ஆள் வந்து அளந்து எழுதுகிறார்கள். நாம் பாடத்திட்டக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம்.

மால்கம் ஆதிசேசையா யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டு வந்து 1971இல் சென்னையில் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது ஐசிஎஸ்எஸ்ஆரின் ஆதரவு பெற்ற நிறுவனமாகி இன்றைக்கும் அடையாறில் இருக்கிறது. உங்களில் பலர் சொந்த நிலத்தை விற்று, ஊர்ப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கல்லூரி கட்டியவர்கள். ஊரை மாற்ற வேண்டும் என்ற அந்த எண்ணம் உங்களிடமும் இருந்தது, இருக்கிறது. அதனால்தான் உரிமையோடு எழுதுகிறேன்.

எங்கள் ஆசிரியர்களிடமும் குறை இருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு பத்து நாளில் எழுதப் பார்க்கிறோம். "மாணவர்களின் மனப்பான்மை குறித்த ஓர் ஆய்வு" என்ற அதே தலைப்பை ஊர்ப்பெயர் மாற்றி அனுப்புகிறோம். வகுப்பறையில் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்கினால் விண்ணப்பத்தில் உயிர் இருக்கும் என்பதை அந்த மாணவியிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். இதைச் சரிசெய்வது எங்கள் பொறுப்பு. எங்கள் மாவட்டத்தில் நான்கைந்து பேர் சனிக்கிழமைகளில் கூடி ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்துகிறோம். உங்கள் கல்லூரியில் அப்படிக் கூட ஓர் அறை கேட்டால் திறந்து விடுங்கள்.

அந்த மாணவி இப்போது ஆசிரியை ஆகிவிட்டாள். போன மாதம் பேசினாள். அவள் வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள் தொண்ணூற்றைந்துக்கு 905 என்று எழுதியிருக்கிறார்களாம், திருத்துவதற்கு முன் குறித்து வைக்கட்டுமா என்று கேட்டாள். தேதி, வகுப்பு, சொன்ன எண், பிள்ளை எழுதிய எண், நான்கையும் அப்படியே எழுதி வை என்று சொல்லியிருக்கிறேன். விண்ணப்பத்தை மறுபடி எழுதி முடித்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை காலை எங்கள் முதல்வர் மேசைக்கு வருகிறது. உங்கள் கல்லூரியிலும் இப்படி ஒரு கோப்பு இன்றைக்கு எந்த மேசையில் இருக்கிறது என்று கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
கல்வியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர்